மூன்று பேர் ஒன்பது பேரானபோது

"என்ன வேலை பார்க்கிறே?" என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் யாராவது கேட்டால் நான் சற்றுத் திணறிப்போவேன். 'ப்ராடக்ட் மார்க்கெட்டிங்' என்று சொன்னால் சிலர் விளம்பரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர், பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் என்று நினைத்து அனுதாபத்தோடு பார்க்கிறார்கள்.

எங்கள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கான கணக்கு மென்பொருளைத் தயாரிக்கிறது. அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில். மென்பொருளை எழுதுகிறவர்கள் ஒரு மாடியில், அதைக் கடைகடையாகப் போய் விற்கிறவர்கள் இன்னொரு மாடியில். இந்த இருவருக்கும் நடுவில் இருப்பது எங்கள் பிரிவு. இந்த மென்பொருள் யாருக்கு, அவருடைய எந்தத் தலைவலியைத் தீர்க்கும், எந்த வார்த்தையில் சொன்னால் அவருக்குப் புரியும், விலையை எப்படி விளக்குவது, விற்பவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, எந்த நாளில் அறிவிப்பது என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. அறிவிப்பு சரியாக அமைந்தால் பாராட்டு பொறியாளர்களுக்கும் விற்பனைக்காரர்களுக்கும் போகும். தவறினால் எங்களைத் தேடி வருவார்கள்.

2025 மே மாதம் நான் சேர்ந்தபோது, நீண்ட காலம் மூன்று பேராக இருந்த பிரிவு சில மாதங்களிலேயே ஆறு பேராகியிருந்தது. இன்று ஒன்பது பேர். "ஆள் இன்னும் வருவார்கள், அதற்குமுன் வேலைக்கு ஓர் ஒழுங்கை அமைத்துக் கொடுங்கள்" என்றுதான் என்னை எடுத்தார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒழுங்கைப் பற்றியது. நீங்கள் மென்பொருள் துறையில் இல்லாமல் இருக்கலாம். அண்ணன் தம்பி மூவர் நடத்திய உணவகத்தில் இப்போது பன்னிரண்டு பேர் வேலை செய்யலாம், அல்லது நீங்கள் புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்றே தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கலாம். கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆள் கூடினால் வேலை குறைய வேண்டுமே?

எல்லா முதலாளிகளும் கேட்கும் கேள்வி இது. பதில் சின்னக் கணக்கில் இருக்கிறது. மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் மற்றவரோடு பேச வேண்டிய இணைப்புகள் மூன்று. ஆறு பேர் என்றால் பதினைந்து. ஒன்பது பேர் என்றால் முப்பத்தாறு. ஆட்கள் மூன்று மடங்கு ஆகும்போது பேச வேண்டிய வழிகள் பன்னிரண்டு மடங்கு ஆகிவிடுகின்றன.

இதை எழுதி வைத்தவர் ஃபிரெட்ரிக் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயக்க மென்பொருள் பணியை நடத்தியவர். 1975ல் வெளிவந்த அவருடைய 'தி மிதிக்கல் மேன்-மந்த்' நூலில், தாமதமாகிப்போன மென்பொருள் வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்கிறார். புதிதாக வருபவருக்குச் சொல்லிக் கொடுக்க, ஏற்கெனவே வேலை தெரிந்தவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். அதற்குமேல், பேச வேண்டிய வழிகளும் கூடிவிடுகின்றன. கல்யாண வீட்டுச் சமையலறையில் நின்றவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். மூன்று அத்தைகள் சமைத்தால் உப்பு ஒரு முறைதான் விழும். ஒன்பது பேர் உள்ளே வந்துவிட்டால் சாம்பாரில் யாராவது இரண்டாவது முறை போட்டிருப்பார்கள், ரசத்தில் யாருமே போட்டிருக்க மாட்டார்கள்.

பழைய மூவர் அணிக்கு எழுதிவைத்த நடைமுறை எதுவும் தேவைப்படவில்லை. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் பேசுவது மற்ற இருவர் காதிலும் விழும். விலை என்ன, அடுத்த அறிவிப்பு எப்போது, எந்த வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார் என்பதெல்லாம் காற்றோடு காற்றாகப் பரவிவிடும். நான்காவது, ஐந்தாவது ஆள் இன்னொரு மேசைக்கு வந்தபோது அந்தக் காற்று அங்கே எட்டவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் புதியவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு கடைக்காரர், மூன்று பதில்கள்

நான் சேர்ந்து சில வாரங்களில் நடந்தது இது. உங்களில் வணிகம் செய்பவர்களுக்கு மின்-விலைப்பட்டியல் என்ற இ-இன்வாய்ஸ் பற்றித் தெரிந்திருக்கும். உள்நாட்டு வருமான வரி வாரியம் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல். இரண்டரைக் கோடியிலிருந்து 10 கோடி வரை உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கான நாள்கள் பல முறை மாறின. முதல் கட்டமே ஆரம்பத்தில் 2024 ஜூன் என்று சொல்லப்பட்டுப் பிறகுதான் ஆகஸ்ட் ஆனது. மிகச் சிறிய வணிகங்களுக்கான விலக்கு வரம்பும் உயர்த்தப்பட்டது. இதில் உங்கள் கடைக்கு எந்த நாள் என்பதை இந்தக் கட்டுரையில் தேட வேண்டாம். வாரியத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

கிள்ளானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் ரிங்கிட் விற்பனை உள்ளவர், 2025 ஜூன் மாதம் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: நான் எப்போது தொடங்க வேண்டும்? அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவருடைய பிரிவுக்கான நாள் 2026 ஜனவரி 1 என்று மாறியிருந்தது. எங்கள் துண்டுப் பிரசுரம் பழையபடி 2025 ஜூலை 1 என்றது. விற்பனைக்காரர் சரியாக 2026 ஜனவரி என்றார். உதவித் தொலைபேசியில் பேசியவர், அவரைவிடச் சிறிய கடைகளுக்கான தேதியைச் சொல்லி, அடுத்த ஆண்டு ஜூலை வரை கவலை வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க மூணு பேரும் ஒரே கம்பெனிதானேம்மா? எதை நம்புறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

நாளைத் தவறாக எடுத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. விதிப்படி மின்-விலைப்பட்டியல் கொடுக்காவிட்டால், வருமான வரிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மீறலுக்கும் 200 ரிங்கிட்டிலிருந்து 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எங்கள் பிரசுரத்தில் உள்ள ஒரு வரியை நம்பித்தான் அந்த மனிதர் தன் கடையின் அடுத்த ஆறு மாதத்தைத் திட்டமிடுகிறார்.

மூன்று பதில் சொன்ன மூவரிலும் ஒருவர்கூட அலட்சியமானவர் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குக் கடைசியாகத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆகவே நாங்கள் அமைத்த முதல் நடைமுறை ஒரே ஒரு பக்கம். அதற்கு 'உண்மைத்தாள்' என்று பெயர் வைத்தோம். நாள், விலை, வரம்பு, விதி என்று வாடிக்கையாளரிடம் நாங்கள் சொல்லும் ஒவ்வொரு தகவலுக்கும் அதில் ஒரு வரி. அந்த வரியின் பக்கத்தில் தகவல் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, கடைசியாக எந்த நாளில் சரிபார்க்கப்பட்டது என்று மூன்று விவரங்கள். சரிபார்த்து முப்பது நாளாகிவிட்டால் அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பாக இருக்கும் தகவலை யாரும் அச்சுக்கு அனுப்பக் கூடாது. துண்டுப் பிரசுரங்களில் தேதியை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டு, ஸ்கேன் செய்தால் அன்றைய தகவலுக்குப் போகும் கியூஆர் குறியீட்டைப் போட்டோம்.

அந்தத் தாளை நிரப்பும்போது வேறொன்றும் வெளிப்பட்டது. எந்த ஆண்டு விற்பனையை வைத்து ஒரு கடையின் கட்டம் முடிவாகிறது? எங்களில் பாதிப் பேர் 'போன ஆண்டு' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாரியத்தின் வழிகாட்டியில் 2022ஆம் ஆண்டுக் கணக்கு என்று இருக்கிறது. யாருமே கேட்காததால் யாருக்குமே தெரியாமல் இருந்த வேறுபாடு அது. எழுத உட்கார்ந்தால்தான் இந்த மாதிரி ஓட்டைகள் கண்ணில் படுகின்றன.

ஆள் கேட்கும்முன் வேலையை எழுதியவர்

எங்கள் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு பழைய கடிதம் உண்டு. 1931 மே மாதம், அமெரிக்காவின் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்புதான் அவருக்குப் பெரிய போட்டி. கூடுதல் ஆள் தேவை என்று மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அதையே முழு நேரமும் கவனிக்கும் ஆட்கள் வேண்டும் என்றார். அந்த ஆள் எந்த ஊரில் விற்பனை நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது, எங்கே சரிகிறது என்று ஆராய வேண்டும், நேரில் போய் வணிகர்களிடம் கேட்க வேண்டும் என்று வேலையை ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் 'பிராண்ட் மேனேஜர்' வேலைக்கு அந்தக் குறிப்புதான் தொடக்கம் என்பார்கள். எழுதியவர் 1948ல் அந்த நிறுவனத்தின் தலைவரானார், 1957ல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சரும் ஆனார். அது வேறு கதை.

அவரிடம் நான் எடுத்துக்கொண்டது வரிசையை மட்டும். முதலில் வேலையை எழுதினார், பிறகு ஆளைக் கேட்டார். நம் இடங்களில் பெரும்பாலும் ஆளை எடுத்துவிட்டு, அவர் வந்த திங்கட்கிழமை காலையில் "இவருக்கு என்ன கொடுக்கலாம்?" என்று யோசிக்கிறோம்.

நாங்கள் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். புதியவர் என்னென்ன வேலை செய்வார் என்பதோடு, எதையெல்லாம் அவர் யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம் என்பதையும் எழுதினோம். இதுதான் பலன் தந்தது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் வாசகங்கள் ஆங்கிலத்தில் பிறந்து மலாய், சீனம், தமிழுக்குப் போகும். முன்பு ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஆங்கிலம் எழுதியவரிடம் ஒப்புதலுக்குத் திரும்பி வரும். மலாய் எழுதும் தோழிக்கு இதில் தீராத மனக்குறை. மலாய் சரியாகத் தெரியாத ஒருவர் அவருடைய மலாய்க்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார்! இப்போது அந்தந்த மொழியின் சொற்களுக்கு அந்தந்த மொழிக்காரரே இறுதி அதிகாரி. தகவல் மட்டும் உண்மைத்தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

தமிழில் இதனால் ஒரு சண்டையே தீர்ந்தது. 'விலைப்பட்டியல்' என்பதா, 'இன்வாய்ஸ்' என்பதா என்று மாதக் கணக்கில் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தமிழ்ப் பொறுப்பாளர், தாப்பாவைச் சேர்ந்த 24 வயதுப் பெண், மஸ்ஜித் இந்தியாவில் இரண்டு நாள் கடைகளில் உட்கார்ந்துவிட்டு வந்து, "யாரும் ரெண்டையும் சொல்லலைக்கா. பில்லுதான்" என்றார். சட்டப் பெயர் வரும் இடத்தில் மட்டும் மின்-விலைப்பட்டியல், மற்ற இடமெல்லாம் பில். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

எல்லாமே பெரிய செய்தி இல்லை

எங்கள் பொறியாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எதையாவது வெளியிடுவார்கள். தான் உழைத்துச் செய்ததை ஊர் முழுக்கத் தட்டி அறிவிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை இருக்கும். அது நியாயம்தான். ஆனால் ஒரு பொத்தானின் நிறம் மாறியதற்கும், வரிக் கணக்கு முறையே மாறியதற்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல், காணொளி, சுவரொட்டி என்று செய்துகொண்டிருந்தால் ஒன்பது பேர் இல்லை, தொண்ணூறு பேர் இருந்தாலும் போதாது. வாடிக்கையாளரும் எங்கள் கடிதங்களைப் பிரிப்பதையே நிறுத்திவிடுவார்.

ஆகவே இரண்டு கேள்விகள். இதனால் கடைக்காரர் தன் வேலையை வேறு மாதிரி செய்ய வேண்டியிருக்குமா? இதனால் அவர் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால் மாதக் குறிப்பில் ஒரு வரி போதும். ஒன்றுக்கு ஆம் என்றால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலும், விற்பவர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆம் என்றால்தான் பெரிய அறிவிப்பு, அதற்குக் குறைந்தது ஆறு வார அவகாசம். பொறியாளர்கள் வேலையைத் தொடங்கும்போதே இந்தக் கேள்விகளுக்கு ஒரு பாரத்தில் பதில் எழுதித் தர வேண்டும். "மறுபடியும் பாரமா?" என்று முதல் மாதம் முழுக்க முணுமுணுப்பு. மூத்த பொறியாளர் ஒருவர் எல்லாக் கட்டத்திலும் 'பிறகு' என்று எழுதி அனுப்பினார். அவருடைய வேலை மாதக் குறிப்பில் ஒரு வரியாக வந்ததும் நேரே என் மேசைக்கு வந்துவிட்டார். அடுத்த பாரம் அழகாக நிரப்பப்பட்டிருந்தது.

காலிக் கட்டம்

பெரிய அறிவிப்புகளுக்கு மட்டும் ஒரு சரிபார்ப்புத் தாள் உண்டு. பதினோரு வரிகள். அதில் ஏழாவது வரி: உண்மையான கடைக்காரர் ஒருவர் இதை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தாரா?

2025 தீபாவளிக்கு முந்திய மாதம், விற்ற பில்லை ரத்துசெய்யும் புதிய வசதி ஒன்று தயாரானது. பண்டிகை விற்பனைக்கு முன் அறிவித்துவிட வேண்டும் என்று விற்பனைப் பிரிவுத் தலைவர் துடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணிக்கடைகளில் ஆண்டின் பெரிய மாதம் அது, போட்டி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தாப்பாப் பெண் தாளைத் திருப்பி மேசையில் வைத்து, "ஏழாவது கட்டம் காலியா இருக்கு" என்றார். அவர் சேர்ந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

கட்டம் காலியாக இருந்தால் அறிவிப்பு இல்லை என்று எல்லாருமாக ஒப்புக்கொண்டு எழுதியிருந்த விதி அது. விற்பனைத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். முகம் சுருங்கியது, ஆனால் ஒத்திவைத்தார். செந்தூலில் ஒரு மளிகைக் கடையிலும் சிரம்பானில் ஒரு துணிக்கடையிலும் சோதனைக்குக் கொடுத்தோம்.

ஐந்தாவது நாளே துணிக்கடையிலிருந்து அழைப்பு. வாரியத்தின் விதிப்படி, சரிபார்க்கப்பட்ட மின்-விலைப்பட்டியலை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்துசெய்ய முடியும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் சேலையைத் திருப்பிக் கொடுத்தால், பழைய பில்லைத் தொட முடியாது. கழிவுக் குறிப்போ, பணம் திருப்பித் தந்ததற்கான குறிப்போ தனியாகப் போட வேண்டும். எங்கள் திரையிலோ நான்காவது நாளும் 'ரத்து' பொத்தான் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அழுத்தினார், 'ரத்தானது' என்று திரை சொன்னது. வாரியத்தின் பதிவில் பில் அப்படியே இருந்தது. பண்டிகைக் காலத்தில் எத்தனை ஆயிரம் சேலைகள் திரும்பி வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கடைக்காரரும் வராத பணத்துக்கு விற்பனைக் கணக்கு காட்டிக்கொண்டிருந்திருப்பார்.

மூன்று வாரம் தாமதம். பண்டிகைக் கால விற்பனையில் ஒரு பகுதியை இழந்தோம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நான் இங்கே சொல்ல வருவது அந்தப் பெண்ணைப் பற்றி. அவர் தன் மேலதிகாரிகளை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கவில்லை. "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று நான்கு மாத அனுபவத்தை வைத்து வாதாட வேண்டியிருக்கவில்லை. ஒரு காலிக் கட்டத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அலுவலகங்களில் பல ஆண்டு கழித்தவர்கள் அறிவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட 19 அம்ச அறுவைச் சிகிச்சைத் தாளிலும் இந்த நுணுக்கம் உண்டு. கத்தி வைக்கும்முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வாய் திறந்த தாதி, ஏதாவது தவறாகப் பட்டால் இரண்டாவது முறை வாய் திறக்கத் தயங்க மாட்டார்.

98 நாள்

விலை விவரம் முழுவதும் எங்கள் குழுவில் ஒருவருக்குத்தான் அத்துப்படி. பழைய மூவரில் ஒருவர் அவர். எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஆண்டு என்ன கழிவு கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. அவர் தாய்மையடைந்திருப்பதாகச் சொன்ன நாளில் வாழ்த்துச் சொன்ன எல்லார் முகத்திலும் ஒரு நொடி பயமும் தெரிந்தது. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அலுவலகம் வாட்ஸ்அப்பில் துரத்திக்கொண்டே இருந்தால் 98 நாள் விடுப்பு காகிதத்தில் மட்டும்தான்.

"எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்வது சுலபம். எட்டு மாத வயிற்றோடு அவர் எப்போது எழுதுவார்? நாங்கள் மாற்றிச் செய்தோம். இரண்டு மாதம், அவருக்கு வரும் ஒவ்வொரு விலைக் கேள்வியையும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவர் வாயால் பதில் சொன்னார், மற்றவர் எழுதினார். கடைசி இரண்டு வாரம் இடம் மாறினார்கள். புதியவர் பதில் சொல்வார், இவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். நாற்பது பக்கம் சேர்ந்தது. அதில் பாதி, திரும்பத் திரும்ப வரும் ஏழெட்டுக் கேள்விகள்தான் என்றும் தெரிந்தது.

அந்த 98 நாளில் அவரை இரண்டு முறை அழைத்தோம். ஒன்று, குழந்தை பிறந்ததற்கு வாழ்த்த. இன்னொன்று, பெயர் என்ன வைத்தீர்கள் என்று கேட்க.

பெரட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிடம் நின்றபடியே கூடுவோம். இந்த வாரம் யார் எதை முடிக்கிறார், எது யாருக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் குழுவில் அதற்குப் 'பெரட்டு' என்று பெயர், சீனத் தோழர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். பெயர் என்னால் வந்தது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அங்க நாங்க கேள்வி கேட்டதில்லம்மா, பேரு கூப்பிட்டா 'வந்தேன்'னு சொல்லுவோம். உங்க ஆளுங்க கேப்பாங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு பெரட்டில் ஒன்று சேர்த்தோம். வாரம் ஒருவர், சுழற்சி முறையில், ஒரு நடைமுறையைத் தேர்ந்து "இது எதற்கு?" என்று கேட்பார். யாராலும் பதில் சொல்ல முடியாவிட்டால் அது நிறுத்தப்படும். இப்படிப் போனவை சில. வெள்ளிக்கிழமை அறிக்கை ஒன்று இருந்தது, தயாரிக்க ஒருவருக்கு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு வாரம் அனுப்பாமல் விட்டோம். எந்த மாடியிலிருந்தும் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அதற்கு இறுதிச் சடங்கு. சுவரொட்டிக்கு ஐந்து பேர் ஒப்புதல் என்பது இரண்டு பேரானது, தகவலுக்கு ஒருவர், சொல்லுக்கு ஒருவர். ஐந்து பேர் கையெழுத்திட்டபோது, மற்ற நால்வர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. பழைய மூவரில் இன்னொருவர், எங்களிடம் இருந்தவர்களிலேயே நல்ல எழுத்துக்காரர், ஆறு மாதத்தில் விலகிப்போனார். முன்பெல்லாம் காலையில் ஒன்றைத் தோன்றி மாலையில் வெளியிட்டுவிடுவோம், இப்போது எதற்கும் ஒரு தாள் இருக்கிறது என்றார். இன்னொரு சிறிய நிறுவனத்தில், அவரோடு சேர்த்து இரண்டே பேர் உள்ள பிரிவில், சந்தோஷமாக இருக்கிறார். அவரைத் தடுக்க நான் முயலவில்லை. மூன்று பேர் இருக்கும் இடத்தின் வேகமும் சுகமும் ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்லி ஒருவரைப் பிடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ இப்படி எதையாவது தொடங்க நினைத்தால், பெரிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். முதல் நான்கு மாதம் நாங்கள் ஒரு பகிர்வு அட்டவணையும் சுவரில் ஒரு வெண்பலகையும்தான் வைத்திருந்தோம். எந்த ஆள் ஒரு வாரம் வராவிட்டால் வேலை நிற்கும் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் புதியவராக இருந்தால் நல்லது. பழகியவர்கள் முக்கியமான படிகளை, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமே என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்த மாதம் எங்களுக்குப் பத்தாவது ஆள் வருகிறார், பினாங்கிலிருந்து. இணைப்புகள் நாற்பத்தைந்தாகும். முதல் வாரம் அவருக்கு அலுவலகத்தில் மேசை கிடையாது. இரண்டு நாள் உதவித் தொலைபேசி அருகில், மூன்று நாள் கிள்ளானில் அந்த இரும்புச் சாமான் கடையில். கடைக்காரர் சம்மதித்துவிட்டார், மதியச் சாப்பாடும் தன் கணக்கில்தான் என்று சொல்லியிருக்கிறார். புதியவர் எதையெல்லாம் யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம் என்ற பக்கத்தைத் தாப்பாப் பெண் எழுதிக்கொண்டிருக்கிறார். என்னிடம் இன்னும் காட்டவில்லை.